பேசிய வாய்க்குப் பேசிய கூலி

கூலம் என்பது நெல், வரகு, தினை, சாமை முதலிய தவசங்கட்கெல்லாம் பொதுப்பெயர். உழைத்தவனுக்குக் களத்திலேயே அளந்து கொடுத்த கூலமே கூலி ஆயிற்று என்பது மொழிஞாயிறு பாவாணர் காட்டிய சொல்வழி. சம்பளம் என்பதும் நெல்லைக் குறிக்கும் சம்பும் உப்பைக் குறிக்கும் அளமும் கூடிய சொல்லே என்பார் அவர். ஆங்கிலத்தில் வழங்கும் ‘சாலரி’ என்பதும் உப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்ததே. இரு வேறு மக்கள், உழைப்பின் பயனை உணவோடும் உப்போடும் ஒட்டியே பெயரிட்டிருக்கின்றனர். உழைத்தவன் அடுத்த வேளை உண்பதற்குரியது கூலி; ஆகலின் அது காலந்தாழாது கைக்கு வரவேண்டியது. களத்தைப் பெருக்கி எடுத்தபின் கூலி அளப்பாரும் இல்லை. அளக்கக் காத்திருப்பாரும் இல்லை.

இத்துணைப் பழமையும் மானமும் உடைய சொல் இந்நாளில் வசைச்சொல்லாகத் திரிந்து கிடக்கிறது. நொய்டாவிலுள்ள வி. வி. கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனத்தைச் சார்ந்த பாபு இரமேசு என்னும் ஆய்வாளர், கால் சென்டர் என்று வழங்கும் அழைப்பு நடுவங்களின் வேலைநிலையை ஆராய்ந்து 2004ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில், அங்கு வேலை செய்வோரை ‘இணையக் கூலிகள்’ என்று பொருள்படும் தொடரால் சுட்டினார். அச்சொல் கேட்டுத் தொழில்துறையார் முகஞ்சுளித்தனர். ஊழியரும் சிலர் நாணினர். கழுத்துப்பட்டை கட்டிக் குளிரறையில் அமர்ந்திருப்பவனைக் கூலி என்பதா என்பது அவர் வருத்தம். வருந்தவேண்டிய இடம் அதுவன்று. கூலிக்காரன் என்று அழைக்கப்படுவதில் இழிவு யாதுமில்லை. கூலிக்காரனாய் உழைத்தும் கூலி பெறாது வீடு திரும்புவதிலேயே இழிவு இருக்கிறது. அவ்விழிவும் உழைத்தவனுக்குரியதன்று, கொடாதவனுக்குரியது.

திருத்தணிகைத் தொடர்வண்டி நிலையத்தில் விடியற்பொழுதில் நின்று பார்ப்பவர்க்கு இருவகைக் கூட்டம் கண்ணிற்படும். மலைக்கோயிலின் 365 படிகளையும் ஏறுதற்கு வந்திறங்கும் அடியார் கூட்டம் ஒன்று. அரக்கோணம், திருவள்ளூர், ஆவடி, அம்பத்தூர் என நீளும் தடத்தில் சென்னை நோக்கிப் புறப்படும் வேலையாளர் கூட்டம் மற்றொன்று. பின்னதில் இளையோர் பலர். அவருள்ளும் அழைப்பு நடுவங்களுக்குச் செல்வோர்க்கு இவ்வூர் ஒரு தனித்தகுதியைத் தந்திருக்கிறது. வடக்கே நகரிக்குச் சென்றால் ஆந்திரம். தெருவிலும் சந்தையிலும் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். பள்ளியில் கல்லாமலே இருமொழி பேசக் கற்ற பிள்ளைகள் எல்லையோரத்துப் பிள்ளைகள். கடன் அட்டை விற்போரும், காப்பீடு விற்போரும், தவணை தண்டுவோரும், கைப்பேசிக் குறை கேட்போரும் இத்தகையாரைத் தேடி எடுப்பர். ஒரு நாற்காலியில் அமர்ந்து இரு மாநிலத்தார்க்கு விடையிறுக்கும் இவர்கட்கு இரு மடங்கு ஊதியம் கொடுப்பார் அரியர் என்பது ஒருபுறமிருக்க, பேசிய ஒரு மடங்கும் வாராமற் போவதே இங்கு எடுத்துரைக்கத் தக்கது.

திருத்தணிகை வட்டாரம் நெசவுக்கும் பெயர்பெற்றது. பொதட்டூர்ப்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தெருவெல்லாம் தறியொலி கேட்கும். நெசவாளியின் வாழ்க்கை வளமானதன்று. ஆயினும் அவன் கையில் ஒரு பிடி உண்டு. நெய்த துணி அவன் தறியில் இருக்கிறது. கூலி பேசி முடியாதவரை அதனை அறுத்துக் கொடாமல் நிறுத்திவைக்க அவனால் இயலும். குயவனிடம் பானை உண்டு. தச்சனிடம் கதவு உண்டு. பேச்சையே தொழிலாகக் கொண்டவளிடம் என்ன உண்டு? காலை ஒன்பது மணிக்குப் பேசியது ஒன்பதே காலுக்குக் காற்றாய்ப் போயிற்று. அதனைத் திரும்பப் பெறவும் இயலாது. பிணையாக வைத்துக்கொள்ளவும் இயலாது. உழைப்பை முழுதும் முன்னதாகக் கொடுத்துவிட்டுக் கூலிக்குக் கைநீட்டி நிற்கும் தொழில் அது. நெசவாளியின் மகள் தறியைவிட்டுத் தொலைபேசிக்குப் போனபோது, குளிர்ந்த காற்றைப் பெற்றாள். தகப்பன் கையிலிருந்த பிடியை இழந்தாள்.

அத்தகைய ஒருத்தியைக் கருதிக்கொள்க. திங்கள் ஊதியம் 18,000 உருபா. ஒரு முழுத் திங்களின் ஊதியம் வரவில்லை. அடுத்த திங்களில் பத்து நாள் வேலை செய்தும் வரவில்லை. அவள் பணி விலகினாள். வரவேண்டியது 24,000 உருபா. அலுவலகத்தைக் கேட்டால், ‘முழுக்கணக்கும் நாற்பத்தைந்து நாளில் தீர்க்கப்படும்’ என்று விடை வருகிறது. நாற்பத்தைந்து நாளுக்குப் பின் கேட்டால், கணக்குப் பிரிவைக் கேள் என்கின்றனர். கணக்குப் பிரிவுக்குத் தொலைபேசினால் இசை ஒலிக்கிறது. ‘தயவுசெய்து காத்திருங்கள்’ என்கிறது ஒரு குரல். ஈராண்டாக அதே சொல்லைத் தமிழிலும் தெலுங்கிலும் ஆயிரமாயிரம் பேர்க்குச் சொல்லிவந்தவள், இப்போது தன் கூலிக்காக அச்சொல்லைக் கேட்டு நிற்கிறாள். இறுதியில் ஒருநாள், அறிவிப்புக் காலத்தை முடிக்காமல் ‘ஓடிப்போனவர்’ பட்டியலில் அவள் பெயர் இருப்பதாகவும், ஆதலின் ஒன்றும் கொடுப்பதற்கில்லை என்றும் மின்னஞ்சல் வருகிறது. கடன்பட்டவன் கடன் கொடுத்தவளைப் பார்த்து ஓடிப்போனவள் என்கிறான்! ‘விட்டுத் தள்ளம்மா, போனது போகட்டும், வேறு வேலை பார்’ என்கிறார் தகப்பனார். அவர் சொல்லில் அன்பு இருக்கிறது. ஆனால், நிறுவனம் எதிர்பார்த்திருப்பதும் அச்சொல்லைத்தான்.

ஏனெனில், இவ்வகை ஏய்ப்பின் அடிப்படைக் கணக்கே அதுதான். ஒருவர்க்குரிய தொகை சிறிது. அதற்காக வழக்கறிஞரை அமர்த்தினால் அவர்க்கே அது போதாது. அடுத்த வேலைக்கு நற்சான்று கெட்டுவிடுமோ என்னும் அச்சம் வேறு. சில இடங்களில் கல்விச் சான்றிதழ்களின் மூலப்படிகளையே வாங்கி வைத்துக்கொள்கின்றனர். நூறு பேரை ஏய்த்தால் தொண்ணூற்றைந்து பேர் விட்டுவிட்டுப் போவர் என்று கண்டவன் ஏய்க்கத் துணிகிறான். அறியாமையால் நிகழும் தவறன்று இது, கணக்கிட்டுச் செய்வது.

சட்டம் என்ன சொல்கிறது? 1936ஆம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. அதில் ஒரு வரம்பு உண்டு. 2017 முதல் திங்களுக்கு 24,000 உருபாவுக்கு மேல் ஊதியம் பெறுவோர்க்கு அச்சட்டத்தின் வாயில் திறவாது. முறையீடு செய்தற்குரிய காலமும் பன்னிரு திங்களே. அச்சட்டமும் குறைந்தளவு ஊதியச் சட்டம் முதலிய வேறு மூன்றும் நீக்கப்பட்டு, 2019இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளையும் தொழிற்சங்கங்கள் பல எதிர்த்தன. எதிர்த்தற்கு வலிய கரணியங்களும் உள. வேலையாளைக் காக்க வந்த ஆய்வாளரை ‘ஆய்வாளரும் வழிகாட்டுநரும்’ என்று பெயர் மாற்றி முதலாளிக்கு அறிவுரை சொல்லும் ஆசிரியராக்கியது அவற்றுள் ஒன்று. முதன்முறைக் குற்றத்தைத் தண்டத்தில் பாதி கட்டித் தீர்த்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. ஆயினும், வாராக் கூலியைக் கேட்கும் ஒருவர்க்கு அத்தொகுப்பினுள் கூரிய கருவிகள் சில இருக்கின்றன. எதிர்ப்பு எதிர்ப்பாக இருக்க, கைக்கு எட்டிய கருவியை எடாமல் இருத்தல் அறிவன்று.

முதலாவது, 17ஆம் பிரிவு. ஒருவர் நீக்கப்பட்டாலும், தாமே விலகினாலும், நிறுவனம் மூடப்பட்டு வேலை இழந்தாலும், அவர்க்குரிய ஊதியம் இரண்டு வேலைநாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும். இரண்டு நாள்! நாற்பத்தைந்து நாள் என்பது நிறுவனங்கள் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட வழக்கமேயன்றிச் சட்டமன்று. திங்கள் ஊதியமோ அடுத்த திங்களின் ஏழாம் நாளுக்குள் வரவேண்டும். இவ்விதிக்கு ஊதிய வரம்பு இல்லை. ‘குழுத்தலைவர்’, ‘நிருவாகி’, ‘முதுநிலை அலுவலர்’ என்றெல்லாம் வெறும் பெயரைச் சூட்டித் தொழிலாளர் சட்டத்தின் புறத்தே தள்ளும் பழைய சூழ்ச்சியும் இங்குச் செல்லாது. மேற்பார்வையாளரும் மேலாளரும் உள்ளிட்ட எல்லா ஊழியரையும் இத்தொகுப்பு தழுவுகிறது.

இரண்டாவது, மெய்ப்பிக்கும் பொறுப்பு. இது பலர் அறியாத செய்தி. ஊதியம் வரவில்லை என்று ஒருவர் முறையிட்டால், கொடுத்துவிட்டேன் என்று மெய்ப்பிக்க வேண்டியவன் முதலாளி. பேச்சுத் தொழிலுக்கு இது தனிப்பொருத்தமுடையது. பேசியது காற்றில் கரைந்தது என்று மேலே கூறப்பட்டது. உண்மையில் முழுதும் கரைந்துவிடவில்லை. ‘இவ்வழைப்பு பயிற்சிக்காகவும் தரத்திற்காகவும் பதிவு செய்யப்படுகிறது’ என்று ஒவ்வோர் அழைப்பின் தலைப்பிலும் சொல்கிறார்களே, அப்பதிவு யாரிடம் இருக்கிறது? எந்நொடியில் அமர்ந்தாள், எந்நொடியில் எழுந்தாள், தேநீருக்கு எத்தனை நிமையம் சென்றாள் என்று கணிப்பொறி எழுதிவைத்த கணக்கு யாரிடம் இருக்கிறது? ஓய்வு நேரத்தை நொடிக்கணக்கில் கழித்த நிறுவனம், ஊதியம் கேட்கும்போது வேலைக்கு வந்ததற்குச் சான்று கேட்பது நகைப்பிற்குரியது.

மூன்றாவது, 45ஆம் பிரிவு. முறையிடும் காலம் மூன்றாண்டாக விரிந்துள்ளது. உரிய தொகையோடு அதன் பத்து மடங்குவரை இழப்பீடு வழங்கவும் முறையீட்டைக் கேட்கும் அலுவலர்க்கு உரிமையுண்டு. மேலே கருதிய பெண்ணின் 24,000 உருபாவுக்கு இழப்பீடு 2,40,000 உருபா வரை செல்லக்கூடும். அத்துணையும் கிடைத்தே தீரும் என்பதன்று. அது அலுவலரின் முடிபைப் பொறுத்தது. மூன்று திங்களுள் முடிவு காண முயலவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆணையிட்டும் கொடாவிடின், மாவட்ட ஆட்சியர் வழியாக நிலவரி நிலுவைபோல் தண்டப்படும். பலர் சேர்ந்து ஒரே முறையீடாகவும் கொடுக்கலாம். பதிவுபெற்ற தொழிற்சங்கம் அவர்க்காகக் கொடுக்கலாம். தகவல் தொழில்நுட்பத் துறையார்க்குச் சங்கம் கூடாது என்றிருந்த மயக்கத்தைத் தமிழ்நாட்டரசு 2016இல் நீக்கிவிட்டது. அத்துறைக்கும் தொழிற்றகராறுச் சட்டம் பொருந்தும் என்றும், சங்கம் அமைக்கத் தடையில்லை என்றும் அவ்வாண்டு தெளிவுபடுத்தப்பட்டது. இன்றும் எத்தனை இளைஞர் அதனை அறிவர்?

கழிவுகளைப் பற்றியும் ஒரு சொல். பிழையாகப் பேசினாய், வாடிக்கையாளர் குறைகூறினார் என்று தண்டம் பிடிப்பது அழைப்பு நடுவங்களில் பெருவழக்கு. முன்னரே அறிவித்து ஒப்புதல் பெற்ற குற்றங்கட்கு மட்டுமே தண்டம் விதிக்கலாம். அதுவும் அவ்வூதியக் காலத்து ஊதியத்தில் நூற்றுக்கு மூன்று பங்கைத் தாண்டலாகாது. கழிவு எவ்வகையாயினும் எல்லாம் சேர்ந்து ஊதியத்தில் பாதிக்கு மேல் போகலாகாது. ஆகவே, அறிவிப்புக் காலம் முடிக்கவில்லை என்று சொல்லி உழைத்து முடித்த நாள்களின் கூலியை முழுதும் விழுங்குவதற்கு இச்சட்டத்தில் இடமில்லை. ஆனால், இங்கு ஒன்றை மறைத்தலும் கூடாது. இத்தனை ஆண்டு வேலை செய்வேன், இடையே விலகின் இவ்வளவு பணம் கட்டுவேன் என்று எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் எல்லாம் வெற்றுத்தாள் என்று எண்ணுவது தவறு. பொதுத்துறை வங்கி ஒன்றின் அத்தகைய ஒப்பந்தத்தை 2025 மே திங்களில் உச்ச முறைமன்றம் செல்லும் என்று தீர்த்தது. கையெழுத்திடுமுன் படிக்கவேண்டும். படிக்க இயலாத மொழியில் எழுதியிருந்தால்? அதனைப் பின்னர்க் காண்போர் காண்க.

நிறுவனமே நொடித்துப்போனால் நிலைமை வேறு. தமிழகத்தில் 1999இல் தொடங்கிய ஏர்செல் கைப்பேசி நிறுவனம் 2018 பெப்ருவரி இறுதியில் நொடிப்புச் சட்டத்தொகுப்பின்கீழ்த் தஞ்சம் புகுந்தது. அலைக்கோபுரங்கள் அணைந்தன, எண்களை வேறு நிறுவனங்கட்கு மாற்றிக்கொள்ள மக்கள் அலைமோதினர். அக்குறைகளையெல்லாம் கேட்டுக் கேட்டு ஆறுதல் சொன்ன குரல்களின் நிலையை எண்ணிப் பார்த்தோர் சிலரே. அத்தகைய நொடிப்பு தொடங்கியபின், நிறுவனத்தின்மேல் தனியே வழக்காடுதற்குத் தடை வந்துவிடும். அப்போது, தீர்வுப் பொறுப்பாளராக அமர்த்தப்பட்டவரிடம் ஊழியர்க்கென்று வகுத்த படிவத்தில் தம் நிலுவையைப் பதிவு செய்தாக வேண்டும். செய்யாதவர் பெயர் கணக்கிலேயே இராது. நிறுவனம் கலைக்கப்படும் நிலை வந்தாலோ, தொழிலாளர் என்னும் வகையினர்க்கு முந்தைய 24 திங்களின் நிலுவை, பிணை பெற்ற கடன்காரரோடு ஒத்த வரிசையில் வரும். பிற ஊழியர்க்குப் பன்னிரு திங்களின் நிலுவையே, அதற்கடுத்த வரிசையில். எனவேதான் ‘நிருவாகி’ என்னும் பட்டம் வெறும் அழகுப்பட்டம் அன்று. அது பன்னிரு திங்கள் கூலியின் விலை. வகையை முடிவுசெய்வது பட்டமன்று, செய்த வேலையே என்பது முறைமன்றங்கள் பன்முறை உரைத்தது. வருங்கால வைப்புநிதியில் ஊழியர்க்குரியது இவ்வரிசைக்கெல்லாம் புறம்பே காக்கப்படும்.

தனியார்தாம் இப்படி என்று கருதவேண்டா. உத்தரப்பிரதேசத்தில் 181 என்னும் எண்ணில் பெண்கள் உதவி அழைப்பு நடுவம் ஒன்று இருந்தது. 2016இல் தொடங்கிப் பின் 75 மாவட்டங்கட்கும் விரிந்தது. அரசின் திட்டம், நடத்தியது ஒப்பந்தம் பெற்ற நிறுவனம். வீட்டில் அடிபட்டவள், தெருவில் துரத்தப்பட்டவள், நள்ளிரவில் அழைத்தால் விடையிறுத்த பெண்கள் ஏறத்தாழ 350 பேர். 2019ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து அவர்க்கு ஊதியம் வரவில்லை. ஓராண்டுக்கு நெருங்கிய காலம் கூலியின்றியே அழைப்பை எடுத்தனர். 2020 சூனில் கிடைத்தது நிலுவையன்று, பணிநீக்க அறிவிப்பு. அரசிடமிருந்து பணம் வரவில்லை என்றது நிறுவனம். கொரோனாத் தொற்றுக் காலத்தில் இலக்னோவில் அப்பெண்கள் தெருவில் அமர்ந்து போராடினர். அவருள் ஒருவர் அவ்வாண்டு சூலைத் திங்களில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பிறர் துயரைக் கேட்பதற்கென்றே அமர்த்தப்பட்டவரின் துயரைக் கேட்க ஓர் எண் இல்லாமற் போயிற்று.

ஒப்பந்தக்காரன் கொடாவிடில் வேலை வாங்கிய முதன்மை முதலாளியே கொடுக்கவேண்டும் என்பது இந்நாட்டுக்குப் புதிய சட்டமன்று. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே அது இருந்தது; இப்போதைய பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இருக்கிறது. இருந்தும், அரசும் நிறுவனமும் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டிக்கொண்டு நிற்க, நடுவில் 350 குடும்பம் பட்டினி கிடந்தது. அழைப்பு நடுவத்தில் சேர்வோர் தம் நாற்காலி யாருடையது, தம் ஊதியச் சீட்டில் உள்ள பெயர் யாருடையது, தாம் பேசுவது யாருக்காக என்னும் மூன்றையும் முதல் நாளிலேயே குறித்துக்கொள்ளல் வேண்டும். மூன்றும் பெரும்பாலும் மூன்று பெயராக இருக்கும்.

கொதிப்பு ஒருபுறம் இருக்கத்தான் செய்யும். 2020 திசம்பர் 12ஆம் நாள் கருநாடகத்தின் கோலார் மாவட்டத்து நரசாபுரத்தில், ஆப்பிள் கைப்பேசி செய்த விசுட்ரான் தொழிற்சாலையில், பேசிய ஊதியம் வரவில்லை என்று கொதித்த தொழிலாளர் கண்ணாடிகளை உடைத்தனர், ஊர்திகளைக் கவிழ்த்தனர். ஊதியம் கொடுத்ததில் தவறு நேர்ந்ததை நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. ஆனால், அதற்குள் நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாகியிருந்தனர். முறை தொழிலாளர் பக்கம் இருந்தது. வழக்கும் அவர்மேலேயே பாய்ந்தது.

திருத்தணிகையார்க்கு இழந்ததை மீட்பது எங்ஙனம் என்று பிறர் கற்பிக்கவேண்டியதில்லை. மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தோடு கிடந்த வட்டம் இது. சிற்றூர்தோறும் தமிழ்ப்பள்ளி வைத்து எல்லையுணர்வை ஊட்டிய மங்கலங்கிழார் 1953இல் மறைந்தார்; மீட்பைக் காண அவர் இல்லை. ம. பொ. சிவஞானமும் அவர்தம் தோழரும் மறியல் செய்தனர், சிறை புகுந்தனர். அத்துடன் நின்றிருந்தால் போதாது. நடுவராக வந்த படாசுகர், சிற்றூரை அலகாகக் கொண்டு, எவ்வூரில் எம்மொழியார் மிக்கார், எவ்வூர் எவ்வூரோடு ஒட்டியது என்று கணக்குக் கேட்டார். அக்கணக்கை எடுத்து வைக்க முடிந்தமையால்தான் 1960 ஏப்பிரல் 1 அன்று திருத்தணிகை தமிழ்நாட்டோடு இணைந்தது. தெருவில் எழுந்த குரலும் மேசைமேல் வைத்த கணக்கும் சேர்ந்தே எல்லையை மீட்டன. அவ்வூரின் பேரப்பிள்ளைகள் 24,000 உருபாவை விட்டுவிட்டு வருவது யாங்ஙனம் பொருந்தும்?

கணக்கு என்றது இங்குப் பெரிய செய்தியன்று. பணி ஆணை, ஊதியச் சீட்டு, வங்கிக் கணக்கில் முன்னைய திங்கள்களில் ஊதியம் வந்த பதிவு, வருங்கால வைப்புநிதிக் கணக்கில் அந்நிறுவனத்தின் பெயர், அடையாள அட்டையின் படி, மேலாளர் அனுப்பிய கைப்பேசிச் செய்திகள், பணி விலகல் மடலும் அதனைப் பெற்றதற்கான விடையும். ஊதியச் சீட்டுக் கொடுத்தல் முதலாளியின் கடமை. கொடாமை அவன் குற்றமேயன்றி முறையீட்டுக்குத் தடையன்று. பணியில் இருக்கும்போதே இவற்றைத் தம் சொந்த மின்னஞ்சலுக்கோ தாளுக்கோ மாற்றி வைத்துக்கொள்ளல் வேண்டும். விலகிய மறுநொடியே அலுவலகக் கணக்கு பூட்டப்பட்டுவிடும். வாடிக்கையாளர் பெயரும் எண்ணும் உள்ள பட்டியலை மட்டும் தொடலாகாது; அதனை எடுத்தால் வழக்கு திரும்பிவிடும். அடுத்து, இவ்வளவு நாள் வேலை, இவ்வளவு தொகை, இத்தனை நாளுக்குள் என்று ஒரு பக்கத்தில் எழுதி, மின்னஞ்சலிலும் விரைவஞ்சலிலும் நிறுவனத்துக்கு அனுப்பவேண்டும். பதிவஞ்சல் 2025இல் விரைவஞ்சலோடு சேர்க்கப்பட்டுவிட்டது. ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைக்கவேண்டும். அதற்கும் விடையில்லையேல், வேலை நடந்த இடத்துக்குரிய தொழிலாளர் துறை அலுவலகத்தில் முறையீடு. நகரியிலோ திருப்பதியிலோ வேலை பார்த்தவர் ஆந்திர அலுவலகத்தை நாடவேண்டும்; இவ்வெல்லைக் கோட்டைச் சிலர் மறந்து ஓராண்டை வீணாக்குவர். வழக்கறிஞர்க்குப் பணமில்லை என்னும் கவலைக்கும் வழியுண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்கள் எவரும், தொழிலாளரும், பட்டியல் இனத்தாரும் பழங்குடியினரும் வருவாய் வரம்பின்றி இலவயச் சட்ட உதவி பெறலாம். அதற்குரிய குழு வட்ட முறைமன்ற வளாகங்களிலேயே இயங்குகிறது.

இனி, மொழி. இத்தொழிலின் பெருநகைப்பு இங்குதான் இருக்கிறது. நாள் முழுதும் தமிழில் பேசு என்று அமர்த்தப்பட்டவன், பணி ஆணையை ஆங்கிலத்தில் பெறுகிறான். எட்டுப் பக்கம், சிறிய எழுத்து. தமிழ் பேசத் தெரிந்ததற்காகவே வேலை கொடுத்தவன், வேலையின் கட்டுப்பாடுகளைத் தமிழில் எழுத மறுக்கிறான். வாடிக்கையாளர்க்குத் தமிழ் வேண்டும், ஏனெனில் அவரிடமிருந்து பணம் வரவேண்டும். ஊழியர்க்குத் தமிழ் வேண்டா, ஏனெனில் அவர்க்குப் பணம் போகவேண்டும்! தெலுங்கில் பேசுவோர்க்கும் இதே நிலைதான். நூறு உருபாக் கைப்பேசித் திட்டத்தை நூறு விதமாகத் தாய்மொழியில் விளக்கும் திறன் பெற்ற இளைஞன், தன் பிழைப்பைக் கட்டிப்போட்ட தாளில் என்ன இருக்கிறது என்று அறியாமல் பன்னிரண்டு இடத்தில் கையெழுத்திடுகிறான்.

அதே தயக்கம் முறையீட்டிலும் தொடர்கிறது. ஆங்கிலத்தில் எழுதவேண்டுமே, பிழை வந்தால் நகைப்பார்களே என்று மூன்று திங்களை ஓட்டியவர் பலர். யார் சொன்னது ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்று? 1956ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டப்படி இம்மாநிலத்தின் ஆட்சிமொழி தமிழ். தொழிலாளர் துறைக்குத் தமிழில் எழுதலாம். நேரில் தமிழில் பேசலாம். விடையும் தமிழிலேயே கேட்கலாம். எதிரே நிறுவனத்தின் சார்பில் வருபவர் ஆங்கிலத்தில் அடுக்கினால், ‘தமிழில் சொல்லுங்கள்’ என்று கேட்பதில் நாணவேண்டியதில்லை. நாள்தோறும் முந்நூறு அயலாரிடம் தயங்காமல் பேசியவர்க்கு ஓர் அலுவலரிடம் பேசுவது அரிதா? ‘ஐயா, இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை வேலை செய்தேன், இவ்வளவு தொகை வரவேண்டும், வரவில்லை, பெற்றுத் தருக’ என்னும் நான்கு வரி போதும். அதற்குமேல் அழகு வேண்டா. கெஞ்சலும் வேண்டா, கொடுத்த கடனைக் கேட்பவர் கெஞ்சுவதில்லை.

அத்தடத்து வண்டியில் நாள்தோறும் ஒரே பெட்டியில் ஏறுவோருள் ஒரே நிறுவனத்தில் ஏமாந்தவர் நால்வரேனும் இருக்கக்கூடும். ஒருவர் மற்றவர்க்குச் சொல்வதில்லை. வேலை போனதையும் கூலி வாராததையும் மானக்கேடாக எண்ணி மறைத்துவைக்கின்றனர். நால்வரும் திருத்தணிகையிலிருந்து அரக்கோணம் போய்ச் சேருமுன் ஒரே தாளில் நான்கு பெயரையும் நான்கு தொகையையும் எழுதிவிடலாம். ஒரே முறையீடாகக் கொடுப்பதற்குச் சட்டம் இடந்தந்திருக்கிறது. இச்சட்டம் வந்தபின் 2025 திசம்பரில் ஊதியம் இழந்தவர்க்கு முறையிடும் காலம் 2028 திசம்பரில் முடியும். அதற்கு முன்னைய நிலுவையுடையோர்க்குப் பழைய சட்டத்தின் பன்னிரு திங்கள் கணக்கே பேசப்படக்கூடும் ஆகலின், அவர் இவ்வாரமே செல்லல் நன்று.